லாரல்-ஹார்டி, கீட்டன், சாப்ளின் ஊமைப்படங்கள்: எந்தப் பதிப்பு வாங்கலாம்? டிவிடியில் எல்லாரும் ஏன் ஓட்டமாக ஓடுகிறார்கள்?

பத்துமணிக்காட்சி:

வணக்கம். சாப்ளின் மியூச்சுவல் நிறுவனத்துக்காக எடுத்த குறும்படங்கள், பஸ்டர் கீட்டன் குறும்படங்கள், லாரல்-ஹார்டி ஊமைப்படங்கள் எல்லாம் கலந்த மலிவு டிவிடி தொகுப்பு ஒன்று கையில் இருக்கிறது. ஒரு டிஸ்கில் பத்துப் படம். 43 இன்ச் டிவியில் போட்டால் இதெல்லாம் தெரிகிறது: சும்மா நடப்பவர்கூட ஓடுகிறார். சாப்ளின் படங்களில் இடப்பக்கம் வெட்டுப்பட்டு, ஓரத்தில் நிற்பவருக்குப் பாதி உடம்புதான் இருக்கிறது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் உருவம் இரட்டையாகிறது. ஹார்டியின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, கண்ணும் மீசையும் மட்டும் மிச்சம்.

யூடியூபில் "4கே, 60 ஃப்ரேம்" என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை.

கேள்விகள்: காசு போட்டு ப்ளூரே வாங்கினால் இவை தீருமா? எதை வாங்குவது? இந்தியாவில் வாங்கிய ப்ளேயரில் ஓடுமா? இருக்கிற டிவிடியையே கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்ய முடியுமா?

---

மூணாவது ரீல்:

முதலில் வேகம். 35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 ஃப்ரேம். இரண்டு ரீல் படம் 1,800 அடி என்று வைத்துக்கொண்டால் 28,800 ஃப்ரேம். வினாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 20 நிமிடத்தில் முடியும். 20 வீதம் ஓட்டினால் 24 நிமிடம், 18 வீதம் என்றால் 26 நிமிடம் 40 வினாடி. ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளில் நேரம் இந்த அளவு வேறுபட்டால் காட்சி வெட்டுப்பட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். முதலில் வேகத்தைப் பாருங்கள்.

24 என்பது ஒலி வந்தபிறகு உறுதியான அளவு. அதற்கு முன் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃப்ரேம், வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 என்பது கணக்கு. நடைமுறையில் அதற்கு மேலும் கீழும் போகும். ப்ளூரேயின் 1080பி-யில் 18-க்கோ 20-க்கோ இடமில்லை, 24 மட்டும்தான். அதனால் நல்ல பதிப்புகளில் நடுவே சில ஃப்ரேம்களை இரண்டு முறை காட்டி 24 ஆக்குவார்கள். மலிவுப் பதிப்புகளில் அந்த வேலையே கிடையாது. இருப்பதை அப்படியே 24-இல் ஓட்டிவிடுவார்கள்.

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று நீங்களே பார்க்கலாம். வி.எல்.சி. என்ற ப்ளேயர் மென்பொருளில் படத்தை நிறுத்தி, ஆங்கில 'ஈ' விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நாலு தட்டலில் ஒருமுறை படம் நகராமல் நின்றால் அது 18-இலிருந்து வந்தது. ஆறில் ஒருமுறை நின்றால் 20. எங்குமே நிற்காவிட்டால் நேராக 24. அமெரிக்க முறை டிவிடியில் வினாடிக்கு 29.97 ஃப்ரேம் ஆக்குவதற்காக ஏற்கெனவே சேர்த்த மீள்ஃப்ரேம்களும் (திரும்பக் காட்டும் ஃப்ரேம்களும்) இருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

இடப்பக்க வெட்டுக்கு வருவோம். ஊமைப்படச் சட்டகம் சுருளின் ஒரு ஓரத் துளைவரிசையிலிருந்து மறு ஓரத் துளைவரிசைவரை முழு அகலம். ஒலித்தடம் வந்ததும் இடப்பக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அதற்குப் போயிற்று. மியூச்சுவல் படங்கள் பன்னிரண்டையும் 1932-இல் வான் பியூரன் நிறுவனம் இசையும் ஒலியும் சேர்த்து மறுபடி வெளியிட்டது. தொலைக்காட்சிக்கும் மலிவு வீடியோவுக்கும் பரவியதில் பெரும்பகுதி அந்த வழி வந்த பிரிண்ட்கள். வெட்டும் ஓட்டமும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

---

சத்தமில்லா:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். எல்லாவற்றையும் 18-க்கு இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிரிப்புப் படங்களில் துரத்தல், விழுதல், உதைத்தல் எல்லாம் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தவை, திரையில் வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதை இயல்பு வேகத்துக்கு இறக்கினால் நகைச்சுவை செத்துப்போகும். வேகத்தை நிர்ணயிக்க நடிகரைப் பார்க்கக் கூடாது. பின்னணியில் சும்மா போகும் ஆளை, புகையை, கீழே விழும் தண்ணீரை, குதிரை நடையைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் வேகம் சரி. ஹீரோ பறந்தாலும் பரவாயில்லை.

காலமும் முக்கியம். 1916 சாப்ளினுக்கு 18 முதல் 20 பொருந்தும். 1927, 28-க்குள் தியேட்டர்கள் 24-ஐ ஒட்டி ஓட்டத் தொடங்கிவிட்டன. லாரல்-ஹார்டியின் ஊமைப்படங்களை 18-இல் பார்த்தால் நீச்சல்குளத்தில் நடப்பதுபோல் இருக்கும். "மாடர்ன் டைம்ஸ்" 1936-இல் ஒலித்தடத்தோடே வந்தது. அதன் வேகத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

---

நைட்ரேட்:

பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன், எதை வைத்து மதிப்பிடுவது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "4கே ரெஸ்டோரேஷன்" என்ற முத்திரை அட்டையில் இருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்றாம் தலைமுறை 16 மி.மீ. டூப்பை (நகலின் நகலை) 4கே-யில் ஸ்கேன் செய்தால் அந்த டூப்பின் குறைகள் 4கே-யில் கிடைக்கும். ஒவ்வொரு நகலுக்கும் கான்ட்ராஸ்ட் ஏறும். வெளுப்பு மேலும் வெளுக்கும், கறுப்பு அடைத்துக்கொள்ளும். ஹார்டியின் முகம் சுண்ணாம்பாகத் தெரிவது அதனால். பிரைட்னஸைக் குறைத்துப் பார்த்தாலும் கன்னத்தின் மடிப்பு திரும்பி வராது, அந்த நகலில் அது இல்லவே இல்லை.

எனவே முதல் கேள்வி, மூலம் என்ன என்பது. அசல் நெகட்டிவா, அதிலிருந்து நேராக எடுத்த 35 மி.மீ. நைட்ரேட் (அந்தக் கால பிலிம் வகை) பிரிண்ட்டா, பாதுகாப்புக்காக எடுத்த நுண்மணிப் படியான ஃபைன் கிரெய்ன் பாசிட்டிவா? நல்ல வெளியீட்டாளர் இதைக் கையேட்டிலோ படத்தின் தொடக்கத்திலோ சொல்லியிருப்பார். எந்த ஆவணக்காப்பகத்தின் பிரதி என்று ஒரு வரிகூட இல்லாத டிஸ்கைக் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சுத்தம் செய்த விதம். சிரிப்புப் படங்களுக்கே உரிய ஆபத்து இங்கேதான். தானியங்கித் தூசிநீக்கி ஒரு ஃப்ரேமை அதன் முந்தையதோடும் பிந்தையதோடும் ஒப்பிடும். நடுவில் மட்டும் இருந்து, இரு பக்கமும் இல்லாத புள்ளி எதுவானாலும் தூசி என்று முடிவுகட்டி, பக்கத்து ஃப்ரேமிலிருந்து எடுத்து ஒட்டிவிடும். உட்கார்ந்து பேசும் காட்சியில் இது அருமையாக வேலை செய்யும். ஸ்லாப்ஸ்டிக்கில், அதாவது அடிதடிச் சிரிப்பில்? பறக்கும் கிரீம் துண்டு, எறிந்த செங்கல், சுழலும் பிரம்பின் நுனி, தெறிக்கும் தண்ணீர், எல்லாமே ஒரு ஃப்ரேமில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். மென்பொருளுக்கு அவையும் தூசிதான்.

சோதிப்பது சுலபம். ஒரு பை (கிரீம் பலகாரம்) முகத்தில் மோதும் இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தட்டுங்கள். கையை விட்டுக் கிளம்பிய பை, பாதி வழியில் ஒரு ஃப்ரேமில் விளிம்பு கரைந்து, அடுத்த ஃப்ரேமில் முழுதாகத் திரும்பி, மோதியபின் தெறிக்கும் கிரீம் காற்றில் காணாமல் போனால், அந்தப் பதிப்பில் மனிதக் கண் படவில்லை என்று அர்த்தம். முறையாகச் செய்பவர்கள் அந்தப் பகுதிகளுக்குத் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் புள்ளி புள்ளியாக எடுப்பார்கள். "ஸ்டீம்போட் பில் ஜூனியர்" புயல் காட்சியும், "தி கோல்ட் ரஷ்" பனிக்காட்சியும் இதே சோதனைக்கு நல்ல இடங்கள்.

கீறலுக்கு வேறு வைத்தியம். பிலிமின் பின்புறக் கீறல்கள் வெட் கேட் முறையில், அதாவது பிலிமின் ஒளிவிலகலுக்கு நெருக்கமான திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்யும்போது, நிரம்பி மறைந்துவிடும். பிம்பம் படிந்த எமல்ஷன் பக்கக் கீறல் அப்படிப் போகாது, அங்கே பிம்பமே உரிந்துபோயிருக்கும். அதை நிரப்புவது டிஜிட்டல் வேலை. சுருங்கிய நைட்ரேட்டைப் பல்சக்கரத்தில் மாட்டினால் துளை கிழியும். உருளையால் இழுக்கும் ஸ்கேனர் வேண்டும்.

மூன்றாவது, கிரெய்ன், அதாவது பிலிமுக்கே உரிய மணிமணியான பொடி. அதை மொத்தமாகத் துடைத்தால் முகம் மெழுகாகிவிடும். யூடியூபில் உங்களுக்குச் சரியில்லை என்று பட்டதன் பாதி காரணம் இது. மீதிப் பாதி, 60 ஃப்ரேம். 18 அசல் ஃப்ரேமுக்கு நடுவே 42 ஃப்ரேமை மென்பொருள் கற்பனை செய்கிறது. லாரல் தொப்பியைத் தூக்கும்போது விளிம்பு ரப்பராக வளையும். பின்னணிக் கடைப் பலகையின் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏஐ வைத்துப் பெருக்கிய பிரதியில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் இருக்கும்.

இப்போது டிஸ்க்குகள்.

லாரல்-ஹார்டி: 2020-இல் வந்த "தி டெஃபினிட்டிவ் ரெஸ்டோரேஷன்ஸ்" முதல் தேர்வு. நாலு ப்ளூரே, "சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்", "வே அவுட் வெஸ்ட்" என்ற இரு முழுநீளப் படங்களும் 17 குறும்படங்களும். இதில் ஊமைப்படம் ஒன்றே ஒன்று, "தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி" (1927). அந்தப் பை சண்டை பல்லாண்டு காலம் 1957 தொகுப்புப் படம் ஒன்றில் வெட்டி வைத்த துண்டாக மட்டுமே கிடைத்தது. இரண்டாவது ரீல் முழுதாகக் கிடைத்தது 2015-இல்தான். ஊமைப்படங்களுக்கு ஃப்ளிக்கர் ஆலி என்ற அமெரிக்க வெளியீட்டாளரின் "இயர் ஒன்" (2023), "இயர் டூ" (2024). பெயருக்கேற்ப 1927, 1928 படங்கள். ஒவ்வொரு படத்தின் தரமும் ஒன்றுபோல் இருக்காது. கிடைத்த பிரதி அவ்வளவுதான். "ஹாட்ஸ் ஆஃப்" (1927) எந்தப் பெட்டியிலும் இல்லையே என்று தேடாதீர்கள், அது இன்னும் தொலைந்த படம்.

சாப்ளின் மியூச்சுவல்: பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸும் இத்தாலியின் போலோன்யா ஆவணக்காப்பகமான சினிடெக்காவும் பல நாட்டுப் பிரதிகளைச் சேர்த்துச் செய்தது. அமெரிக்காவில் ஃப்ளிக்கர் ஆலி 2014, பிரிட்டனில் பி.எஃப்.ஐ. (பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம்) 2015. உங்கள் இடப்பக்க வெட்டு இங்கே தீரும்.

கீட்டன் குறும்படங்கள்: லாப்ஸ்டர் மீட்டெடுத்தவை, 2016-இல் அமெரிக்காவில் கினோவும் பிரிட்டனில் யுரேகாவும் வெளியிட்டன. "தி பிளாக்ஸ்மித்" (1922) இதில் இரண்டு வடிவங்களில் இருக்கும். வேறு காட்சிகள் கொண்ட பதிப்பு ஒன்று இருப்பதை 2013-இல் கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவின் பெர்னாண்டோ பேனா. ஊமைப்படக் காலத்தில் ஒரே காட்சியை இரண்டு கேமராவில் எடுத்து ஒரு நெகட்டிவை உள்நாட்டுக்கும் மற்றதை வெளிநாட்டுக்கும் ஒதுக்குவார்கள். கோணம் சற்றே மாறும், சில சமயம் வேறு டேக் இருக்கும். பழைய டிவிடியில் பார்த்த ஷாட் புதிய ப்ளூரேயில் கொஞ்சம் தள்ளித் தெரிந்தால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

"தி கோல்ட் ரஷ்" வாங்கும்போது மட்டும் உஷார். சாப்ளின் 1942-இல் எழுத்துப் பலகைகளை எடுத்துவிட்டுத் தானே கதைசொல்லி, கடைசி முத்தத்தையும் வெட்டி வெளியிட்ட 72 நிமிடப் பதிப்பு வேறு, 1925 மூலம் வேறு. கிரைட்டீரியன் நிறுவனப் பதிப்பில் இரண்டும் உண்டு.

---

சிங்கை வாசகன்:

ப்ளேயர் விஷயம் நான் சொல்கிறேன். ப்ளூரேக்கு மூன்று மண்டலம். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியாவும் இலங்கையும் சி. கிரைட்டீரியனின் அமெரிக்கப் பதிப்பு ஏ பூட்டு, யுரேகா பெரும்பாலும் பி பூட்டு. சென்னையில் வாங்கிய சாதாரண ப்ளேயரில் இரண்டுமே ஓடாது. ஃப்ளிக்கர் ஆலி டிஸ்க்குகளில் பெரும்பாலும் பூட்டு இருக்காது. ஆனாலும் பின்னட்டையில் உருண்டைச் சின்னத்தில் ஏ, பி, சி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்க. 4கே யு.எச்.டி. டிஸ்குக்கு மண்டலமே கிடையாது, ஆனால் அதே பெட்டியில் வரும் சாதா ப்ளூரேக்கு இருக்கலாம்.

டிவிடிக்கு வேறு எண்கள்: அமெரிக்கா 1, ஐரோப்பா 2, இந்தியா 5. கம்ப்யூட்டர் டிரைவில் டிவிடி மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதன்பின் அப்படியே உறைந்துவிடும். எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய ப்ளேயர் வாங்குவதானால் கடைக்காரரிடம் "டிவிடியா, ப்ளூரேயுமா" என்று தெளிவாகக் கேளுங்க. டிவிடிக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிட்டு "ஆல் ரீஜன்" என்று விற்பது சகஜம்.

---

பத்துமணிக்காட்சி:

எல்லாருக்கும் நன்றி. மூணாவது ரீல் சார் சொன்ன 'ஈ' விசைச் சோதனையைப் போட்டுப் பார்த்தேன். சாப்ளின் படங்களில் எந்த ஃப்ரேமும் நிற்கவில்லை. கீட்டன் படங்களில் ஐந்தில் இரண்டு நிற்கிறது, சில இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். ஒரு லாரல்-ஹார்டி டிஸ்கில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பக்கத்து ஃப்ரேமின் நிழல். தூசிநீக்கி ஃபில்டரும் ஓட்டினேன், தூசி போகவே இல்லை. ஏன்?

---

மூணாவது ரீல்:

கேட்டதிலேயே பதில் இருக்கிறது. மீள்ஃப்ரேம் உள்ள கோப்பில் ஒரே தூசி அடுத்தடுத்து இரண்டு ஃப்ரேமில் இருக்கும். பக்கத்து ஃப்ரேமிலும் இருப்பதால் ஃபில்டர் அதைப் படத்தின் பகுதி என்று விட்டுவிடும். முதலில் மீள்ஃப்ரேம்களைக் கழித்து அசல் எண்ணிக்கைக்குக் கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகுதான் தூசி. இந்த வரிசை மாறினால் எந்த ஃபில்டரும் உதவாது.

கீட்டன் டிஸ்குக்கு அவிசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் முதலில் டி.எஃப்.எம். என்ற ஃபில்டரைப் போட்டு சீப்புக் கோடுகளை ஒன்றுசேருங்கள். பிறகு ஃப்ரேம் கழிக்கும் டி.டெசிமேட், ஐந்துக்கு இரண்டு கழிக்கும்படி. 29.97-இல் ஐந்தில் மூன்று மிஞ்சினால் 17.982. அதுதான் உங்கள் 18. டிவிடியில் சுருக்கிப் பதிந்ததால் வரும் எம்பெக் இரைச்சல் இருப்பதால் மீள்ஃப்ரேம்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஆள் அசையாத காட்சியில் தவறான ஃப்ரேமைக் கழித்துவிடும். அதனால் கேமரா நகரும் இடத்தில் முடிவைச் சரிபாருங்கள், எங்காவது துள்ளினால் அமைப்பு தப்பு.

சாப்ளின் டிஸ்கில் கழிக்க ஒன்றுமில்லை. கோப்பின் ஃப்ரேம்வீதத்தை மட்டும் 18 அல்லது 20 என்று மாற்றி அறிவித்தால் போதும், மறுபதிவே வேண்டாம். இசையைத் தனியே நீட்ட வேண்டியிருக்கும். 24-இலிருந்து 18-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு நீளும், அந்த அளவு நீட்டிய பியானோ கேட்கச் சகிக்காது. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நிழல் விழுந்த டிஸ்க், அமெரிக்க முறையிலிருந்து 'பால்' எனும் ஐரோப்பிய டிவி முறைக்கு ஃபீல்டுகளை (ஃப்ரேமின் பாதிக் கோடுகளை) கலந்து மாற்றியது. எஸ்ரெஸ்டோர் என்ற ஸ்கிரிப்ட் ஓரளவு பிரித்தெடுக்கும். பத்துப் படத்தை ஒரு 4.7 ஜிபி டிஸ்கில் திணித்தால் படத்துக்கு 25 நிமிடம் வீதம் வினாடிக்குச் சராசரி 2.5 மெகாபிட்தான் கிடைக்கிறது. அதில் பிரித்தெடுத்து என்ன மிஞ்சும்? அந்த டிஸ்குக்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

---

சத்தமில்லா:

புது டிஸ்க் வந்ததும் டிவியில் இவற்றை அணைத்துவிடுங்கள்: மோஷன் ஸ்மூத்திங் (கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்), நாய்ஸ் ரிடக்ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட். ஷார்ப்னஸைப் பல டிவிகளில் சுழியத்துக்குக் கொண்டுபோகலாம்; சிலவற்றில் நடு அளவுதான் நடுநிலை. எழுத்துப் பலகையின் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும். பட அளவு "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "1:1". 16:9-க்கு இழுத்துவிட்டிருந்தால் ஹார்டி இருக்கிற அகலம் போதாதென்று இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுவார்.

---

பத்துமணிக்காட்சி:

"டெஃபினிட்டிவ்" பெட்டியும் மியூச்சுவல் தொகுப்பும் முதலில் ஆர்டர் போடுகிறேன். கீட்டன் பி பூட்டு என்பதால் ப்ளேயர் மாற்றும்வரை தள்ளிவைக்கிறேன். "இயர் ஒன்", "இயர் டூ" இரண்டில் ஒன்றுதான் பட்ஜெட்டில் அடங்கும் என்றால் எது?

---

நைட்ரேட்:

"இயர் டூ". 1927-இன் பல படங்களில் இருவரும் இன்னும் ஜோடியாகவே ஆகவில்லை, ஒரே படத்தில் தனித்தனி வேடம். "டூ டார்ஸ்", "யூ ஆர் டார்ன் டூட்டின்" இரண்டும் 1928. 1927-இல் தவறவிடக் கூடாத பை சண்டை "டெஃபினிட்டிவ்" பெட்டியிலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது.